அடுத்த வீட்டின் கூரையைப் பிரிக்கும்போது

கும்பகோணத்து அக்ரகாரத் தெருக்களிலும், சென்னையில் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஆகிய பகுதிகளின் பழைய தெருக்களிலும், புதுச்சேரியின் தமிழர் பகுதியிலும் ஒரு வீட்டின் வலப்பக்கச் சுவரே அடுத்த வீட்டின் இடப்பக்கச் சுவராக இருப்பதும், இரு வீட்டு உத்திரங்களும் அந்த ஒரே சுவரில் எதிரெதிராக வந்து அமர்ந்திருப்பதும் இயல்பான அமைப்பாகும். இரு தரப்புக்கும் உரிமையுள்ள இச்சுவரைப் பத்திரங்கள் பொதுச்சுவர் என்று குறிக்கின்றன. இத்தகைய தெருவில் ஒருவர் தம் கூரையைப் பிரித்து மாற்றும்போது பொதுச்சுவர் தாங்கும் சுமையும், அச்சுவரைப் பக்கவாட்டில் நிறுத்தி வைத்திருக்கும் பிடிமானமும், அதன் தலையில் மழைநீர் வழிந்தோடும் பாதையும் ஒருசேர மாறிவிடுவதால், அந்த வேலையின் ஒரு பாதி அடுத்த வீட்டின் மீதே நடக்கிறது என்று கொள்வதுதான் பொருந்தும். ஆயினும் பெரும்பாலான குடும்பங்கள் இதனைத் தூசியும் இரைச்சலும் தரும் சில வாரத் தொல்லையாக மட்டுமே கருதி, சன்னல்களைச் சாத்திக்கொண்டு பொறுத்திருக்கின்றன. விரிசலும் ஓதமும் வெளிப்படும்போது கொத்தனாரும் மேஸ்திரியும் கணக்கு முடித்துக்கொண்டு சென்றிருப்பார்கள்.

இத்தெருக்களில் பிரிக்கப்படும் கூரைகள் பெரும்பாலும் மூன்று வகையின. முதலாவது ஓட்டுக் கூரை; கைமரம் எனப்படும் சாய்வான மரங்களின் மேல் ரீப்பர் எனப்படும் மெல்லிய குறுக்குச் சட்டங்களை அறைந்து, அவற்றின் மேல் நாட்டு ஓட்டையோ, சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் வழங்கும் தட்டை ஓட்டையோ வேய்ந்தது. இரண்டாவது மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தட்டைத் தளம். தேக்கு உத்திரங்களின் மேல் சட்டங்களை இடைவெளி விட்டு அமைத்து, ஏறத்தாழ 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் கொண்ட சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து மூலைவாக்கில் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பிக் கட்டையால் அடித்து இறுக்கி, இறுதியில் தட்டோடு பதித்து முடிப்பது. மூன்றாவது, பின்கட்டிலும் கொல்லைப்புறத்திலும் பிற்காலத்தில் போடப்பட்ட ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட். இம்மூன்றில் எது பிரிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அடுத்த வீட்டுக்கு வரும் ஆபத்தின் தன்மை அமைகிறது.

ஓட்டுக் கூரை இலேசானது. சட்டங்களோடு சேர்த்து மங்களூர் ஓட்டின் எடை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 65 கிலோ, அதாவது சதுர அடிக்கு 6 கிலோ அளவே ஆகும். அதனிடத்தில் 5 அங்குலக் கனமுள்ள கம்பி கட்டிய காங்கிரீட் தளம் போடப்படும்போது, காங்கிரீட்டின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 2,500 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு சதுர மீட்டருக்கு 310 கிலோவுக்குக் குறையாத எடை வந்து சேர்கிறது. மேலே பதிக்கும் தட்டோட்டையும், தண்ணீர்த் தொட்டியையும், நாளை எழுப்பக்கூடிய மாடி அறையையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முன்பிருந்ததைப் போல் ஐந்து மடங்கு சுமையை, மண் சாந்தில் கட்டப்பட்டு இரண்டு மூன்று தலைமுறை கண்ட ஒரு சுவரின் ஒரு பாதியில் மட்டும் ஏற்றுவது எத்தகைய செயல் என்பதை இந்த எண்களே தெளிவாக்கும். ஆகையால், அடுத்த வீட்டில் கூரை மாற்றும் பேச்சு எழுந்தவுடன் கேட்க வேண்டிய முதற்கேள்வி புதிய தளம் எதன் மேல் உட்காரப்போகிறது என்பதே. எப்போது தொடங்குகிறது, எத்தனை நாள் ஆகும் என்பவை அதற்குப் பின்னரே.

மெட்ராஸ் டெரஸ் கதை வேறு. அதன் செங்கல் அடுக்கும் ஜல்லியும் தட்டோடும் சேர்ந்து காங்கிரீட் தளத்துக்கு நிகரான எடை கொண்டவை. ஆகவே புதிய தளத்தால் சுவருக்குக் கூடுதல் பாரம் பெரிதாக வருவதில்லை. அங்கே ஆபத்து, பிரித்தெடுக்கும் நாள்களிலேயே இருக்கிறது. இரு வீட்டு உத்திரங்களின் முனைகளும் பொதுச்சுவருக்குள் புதைந்திருக்கின்றன; சில சுவர்களில் ஒரே குழிக்குள் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருங்கியிருக்கும். ஒரு பக்க உத்திரத்தைக் கடப்பாரையால் நெம்பி எழுப்பும்போது அந்த அசைவு மறுபக்க முனைக்கும், அதனைச் சுற்றியுள்ள தளர்ந்த சாந்துக்கும் சென்று சேர்கிறது. நெம்புவதற்கு மாறாக, சுவரை ஒட்டியே உத்திரத்தை வாளால் அறுத்து நடுப்பகுதியைக் கயிறு கட்டி இறக்கிவிட்டு, சுவருக்குள் எஞ்சும் துண்டைப் பின்னர் உளியால் பொறுமையாக எடுத்து, அந்தக் குழியை அன்றன்றே செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இட்டு அடைத்துவிடுவதுதான் பழந்தச்சர்கள் அறிந்த முறை. பழைய தேக்கு நல்ல விலைக்குப் போகும் என்பதால் முழு நீளத்தையும் சேதமின்றி எடுக்கவே மர வியாபாரி விரும்புவார். அந்த விருப்பம் அடுத்த வீட்டுச் சுவரைவிட மேலானதாக ஆகிவிடக் கூடாது.

பிடிமானம் என்று மேலே சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். உயரமான செங்கற்சுவர் தன் அடிப்பகுதியால் மட்டும் நிற்பதில்லை. தலைப்பகுதியில் இருபுறத்துக் கூரைகளும் எதிரெதிராக அழுத்திக்கொண்டிருப்பதால் அது எப்பக்கமும் சாயாமல் நிலைபெறுகிறது. ஒரு பக்கக் கூரை முழுவதையும் ஒரே நாளில் பிரித்துவிட்டால், எஞ்சிய கூரையின் சுமை சுவரின் மையத்தில் இறங்காமல் ஒரு விளிம்பில் இறங்க, சுவர் திறந்த பக்கமாகப் பிதுங்கத் தொடங்கும். இந்தப் பிதுக்கத்தைத் தொழிலாளர்கள் வயிறு தள்ளுதல் என்று சொல்வதுண்டு. தூக்குக்குண்டை மேலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தால் நூலுக்கும் சுவருக்கும் இடையிலான தூரம் நடுப்பகுதியில் குறைந்து காணப்படுவதே இதன் அடையாளம். இதனைத் தடுக்க, கூரையைப் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும். பிரித்த பகுதியில் பொதுச்சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே குறுக்கு முட்டு வைக்க வேண்டும். அடுத்த வீட்டுக்குள்ளும் உத்திரங்களின் அடியில், சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி, ஜாக்கி எனப்படும் திருகு வைத்த இரும்பு முட்டையோ சவுக்குக் கட்டையையோ தரையில் பலகை பரப்பி அதன் மேல் நிறுத்த வேண்டும். முட்டுக் கொடுப்பதால் கூடத்தில் நடமாட இடமின்றிப் போகும் என்று குடும்பத்தார் தயங்குவது இயல்பே. ஆயினும் சில வாரம் கூடத்தை இழப்பதும் உத்திரத்தை இழப்பதும் ஒன்றாகா.

புதிய தளத்தின் சுமை பொதுச்சுவரில் இறங்காதிருக்க நல்ல வழி, அந்த வீட்டார் தம் எல்லைக்குள் காங்கிரீட் தூண்களை எழுப்பி, அவற்றின் மேல் பீம் ஓட்டி, தளத்தை அவற்றில் நிறுத்துவதாகும். இதனால் அவர்களுடைய கூடத்தின் அகலம் முக்கால் அடியாவது குறையும், செலவும் கூடும். எனவே மேஸ்திரி பெரும்பாலும் "பழைய சுவர் கல்லு மாதிரி இருக்குங்க, இன்னும் ரெண்டு மாடி தாங்கும்" என்று சொல்லித் தேற்றவே முயல்வார். சுவரின் வலிமையைத் தட்டிப் பார்த்துச் சொல்வது தக்க சான்றாகாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, சுவரின் கனத்தையும் சாந்தின் தன்மையையும் அடித்தளத்தின் ஆழத்தையும் பார்த்து எழுத்தில் தரும் கருத்தே சான்றாகும். தூண் எழுப்புவதிலும் ஒரு கண்ணி உண்டு. தூணுக்கான குழியைச் சுவரை ஒட்டித் தோண்டும்போது, பழைய சுவரின் அடித்தளம் ஆழமற்றதாக இருந்தால், குழி அதற்கும் கீழே சென்று சுவரின் காலடி மண்ணைச் சரியச் செய்துவிடும். ஆகையால் எல்லாக் குழிகளையும் ஒரே சமயத்தில் திறந்து வைக்காமல், ஒன்றைத் தோண்டிக் காங்கிரீட் இட்டு நிரப்பிய பின்னரே, சற்றுத் தள்ளியுள்ள மற்றொன்றைத் தோண்ட வேண்டும் என்பதும், குழிக்குள் மழைநீர் தேங்க விடக் கூடாது என்பதும் உடன்படிக்கையிலேயே இடம்பெற வேண்டியவை.

உடன்படிக்கை என்ற சொல் நெருங்கிப் பழகிய அண்டை வீட்டாரிடையே கசப்பாக ஒலிக்கலாம். மாமா என்றும் அத்தை என்றும் அழைத்துப் பழகியவர்களிடம் காகிதத்தில் கையெழுத்துக் கேட்பது உறவை அவமதிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் எழுதி வைக்காததாலேயே அந்த உறவுகள் பாழாகின்றன. விரிசல் முன்பே இருந்ததா, வேலையால் வந்ததா என்ற ஒரே கேள்வி இரு குடும்பங்களைத் தலைமுறைக் கணக்கில் பேசாதிருக்கச் செய்யும் வலிமை கொண்டது. பிரித்தல், முட்டுக் கொடுத்தல், தளம் அமைத்தல், இணைப்பை மூடுதல், சேதம் நேர்ந்தால் யார் செலவில் எந்தப் பொருளால் சரிசெய்வது ஆகிய ஐந்தும் ஒரு பக்கத்தில் அடங்கும். அந்தப் பக்கத்தை வேலை தொடங்கும் முன் இரு வீட்டுப் பெரியவர்களும் கொத்தனாரும் சேர்ந்து நின்று படித்துக் கையெழுத்திடுவது, எவரையும் ஐயுறுவதாகாமல் எல்லோரையும் காப்பதாகவே அமையும்.

விரிசல் முன்பே இருந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லும் சான்று, வேலை தொடங்கும் முன்னரே எடுத்த படங்களில் இருக்கிறது. பொதுச்சுவரை ஒட்டிய ஒவ்வோர் அறையிலும் சுவர், மேற்கூரை, தரை, கதவு நிலை ஆகியவற்றை முழுதாகவும் அருகிலிருந்தும் படமெடுத்து, அந்தப் படங்களை அன்றைய நாளிலேயே அண்டை வீட்டாருக்கும் அனுப்பிவிட்டால், அனுப்பிய தேதியே சாட்சியாக நிற்கும். ஏற்கெனவே இருக்கும் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்கே ஒரு சிறு கோடிட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வைப்பது மிக எளிய, மிகப் பயனுள்ள முறை. விரிசல் வளர்ந்தால் கோட்டைத் தாண்டிச் செல்லும். அதன் அகலம் மாறுகிறதா என்பதை அறிய, விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலவையை இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லியதாகத் தடவி உலர விட வேண்டும். இது நெகிழ்ந்து கொடுக்காத பொருளாகையால் சுவர் மயிரிழை அளவு அசைந்தாலும் பட்டையில் கீறல் விழுந்துவிடும். கீறல் விழுந்த நாளில் வேலையை நிறுத்தச் சொல்லிப் பொறியாளரை அழைப்பதற்கு அதுவே போதுமான காரணம். கதவு திடீரென நிலையில் இடிக்கத் தொடங்குவதும், முன்பு எளிதாக விழுந்த தாழ்ப்பாள் விழ மறுப்பதும், உத்திரத்தின் அடியில் காலையில் பெருக்கிய தரையில் மாலையில் மீண்டும் சுண்ணாம்புத் துகள் உதிர்ந்து கிடப்பதும் அதே எச்சரிக்கையைத் தருபவை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டம், பொதுச்சுவரில் கை வைக்க விரும்புவோர் அடுத்த வீட்டாருக்கு இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும், இசைவு கிட்டாதபோது கட்டட அளவையாளர்கள் வழியாகத் தீர்வு காண வேண்டும் என்றும் விதிக்கிறது. இந்தியாவில் இதற்கு நிகரான தனிச் சட்டம் இல்லை. ஆயினும் இங்குள்ளவர் பாதுகாப்பற்றவர் என்று கொள்வதற்கில்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், பிறருடைய நிலத்தின் மீதோ கட்டடத்தின் மீதோ ஒருவருக்கு உள்ள பயன்பாட்டு உரிமையை வசதியுரிமை என்று வரையறுத்து, ஒரு கட்டடம் அடுத்த நிலத்திலிருந்தோ அதில் நிலைபெற்ற கட்டுமானத்திலிருந்தோ 20 ஆண்டுக் காலம் தடையின்றி, அமைதியாக, உரிமையாகத் தாங்குதலைப் பெற்று வந்திருந்தால் அந்தத் தாங்குதல் நிலைத்த உரிமையாகும் என்று தன் 15ஆம் பிரிவில் கூறுகிறது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அதே பிரிவு அதே காலத்தைச் சொல்கிறது. ஒரே வீடாக இருந்தது பாகப்பிரிவினையால் இரண்டாகியிருந்தால், பிரிந்த பாகங்களுக்கு ஒன்றின் மேல் ஒன்றுக்குள்ள இன்றியமையாத உரிமைகளை 13ஆம் பிரிவு காக்கிறது. அக்ரகார வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் பல பொதுச்சுவர்கள் இப்படி அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது பிறந்தவையே.

ஆகையால் பழைய பத்திரத்தை எடுத்துப் படிப்பது வெறும் சடங்காகாது. சொத்து விவரத்தில் நான்கெல்லைகளைச் சொல்லும் செக்குபந்திப் பகுதியில் கிழக்குச் சுவர் பொது என்றோ, மேற்குச் சுவர் பாத்தியம் என்றோ, ஓட்டுத் தண்ணீர் இந்தப் பக்கம் விழும் என்றோ ஒரு வரி இருக்கக்கூடும். முழு வழக்கும் அந்த ஒரு வரியில் நிற்பதுண்டு. அண்டை வீட்டார் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதிக்கு அளிக்கும் வரைபடத்தில் பொதுச்சுவர் முழுவதும் அவர்களுடையதாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வரைந்தவர் கவனக்குறைவாக இட்ட ஒரு கோடு பின்னாளில் சான்றாகக் காட்டப்படலாம். பேச்சு முறிந்து நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளை 1, 2 விதிகளின்படி தற்காலிகத் தடையாணையும், 26ஆம் கட்டளை 9ஆம் விதியின்படி வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பி உள்ள நிலையைப் பதிவு செய்யும் ஆணையும் கோரலாம். இடிந்த சுவரைப் பற்றிப் பேசும் வழக்கைவிட இடியப்போகும் சுவரைப் பற்றிய மனுவே பயன் தரும் என்பதால், இப்பரிகாரங்களைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதிருப்பது அறிவுடைமை.

காலத் தெரிவும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆடி கழியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் பிரிக்கத் தொடங்கும் வேலை, ஆள் கிடைக்காமலும் பணம் புரளாமலும் இழுபட்டு ஐப்பசி அடைமழையில் திறந்த கூரையோடு அகப்பட்டுக்கொள்வது ஆண்டுதோறும் காணக்கூடிய நிகழ்ச்சி. தை பிறந்த பின் தொடங்கிப் பங்குனிக்குள் தளம் போட்டு முடிப்பதே இரு வீட்டாருக்கும் நலம் தரும். கோடையிலும் இடிமழை உண்டு என்பதால், சுவரின் திறந்த தலையை மூடத்தக்க தார்ப்பாயும் கயிறும் மணல் மூட்டையும் முதல் நாளிலிருந்தே வேலையிடத்தில் இருக்க வேண்டும். மண் சாந்துச் சுவர் மேலிருந்து நனைந்தால் சாந்து கரைந்து செங்கற்கள் பிடிப்பிழக்கும். ஒரே இரவு மழை போதும்.

பிரிக்கும் நாள்களில் வீட்டுக்குள் செய்ய வேண்டியவை எளியவை, ஆனால் தவிர்க்க முடியாதவை. ஓட்டு வீடுகள் பலவற்றில் பொதுச்சுவர் முகடு வரை எழும்பாமல் பரண் மட்டத்தோடு நின்றுவிடுவதால், இரு வீட்டுக் கூரைகளுக்கும் அடியிலுள்ள இருட்டுவெளி ஒன்றாகவே இருக்கும். அவ்வழியே தூசி மட்டுமன்றித் திருடரும் வரக்கூடும். அடுத்த வீட்டில் கட்டப்படும் சாரம் எவரும் ஏறத்தக்க ஏணியாகவும் அமைந்துவிடும். அந்த இடைவெளியைச் செங்கல்லாலோ தற்காலிகமாகப் பலகையாலோ அடைத்துவிட்டு, முற்றத்துக்கு மேல் இரும்பு அழி இல்லையெனில் அதையும் அமைத்து, மொட்டைமாடிக் கதவுக்கு உட்புறம் தாழிட வேண்டும். பொதுச்சுவரில் மாட்டிய படங்களையும் அலமாரிப் பாத்திரங்களையும் இறக்கி வைப்பதும், பூசையறை அச்சுவரை ஒட்டியிருந்தால் விக்கிரகங்களையும் விளக்குகளையும் வேறிடத்துக்கு மாற்றுவதும், அச்சுவரைப் பற்றிச் செல்லும் மின்சார சர்வீஸ் வயரை மின்வாரிய ஊழியரைக் கொண்டு முன்கூட்டியே மாற்றிக்கொள்வதும் வேலை தொடங்கும் முன்னரே முடிந்திருக்க வேண்டியவை. உடைக்கும் முன் தளத்தை நீர் தெளித்து நனைத்தால் தூசி வெகுவாகக் குறையும். உடைத்த ரப்பீஸை, அதாவது கட்டட இடிபாட்டை, பொதுச்சுவரில் சாய்த்துக் குவிக்கவோ பழைய தளத்தின் எஞ்சிய பகுதியில் ஏற்றி வைக்கவோ இடம் தரக் கூடாது. பிரேக்கர் எனும் அதிர்வு இயந்திரத்தைச் சுவருக்கு மூன்று நான்கடி முன்பே நிறுத்திவிட்டு, எஞ்சிய ஓரத்தைக் கட்டிங் மெஷினால் அறுத்துக் கைச்சுத்தியால் எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பற்றித் தனியே ஒரு சொல். அதன் இழைகள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது. முழு ஷீட்டாக இருக்கும் வரை ஆபத்து குறைவு. சம்மட்டியால் உடைத்துக் கீழே எறியும்போதுதான் இழைகள் காற்றில் கலக்கின்றன. எனவே திருகாணிகளைக் கழற்றி, நீர் தெளித்து, உடையாமல் இறக்கி, உதிர்ந்த துகளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அந்த ஒரு நாள் குழந்தைகளையும் முதியோரையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைப்பது மிகையான எச்சரிக்கை ஆகாது.

தளம் போடும் கட்டத்தில், பலரும் கவனியாது விடுகிற இரு தீமைகள் உள்ளன. காங்கிரீட் இறுகி வலுப்பெற அதனை ஈரமாகவே வைத்திருப்பதைக் கியூரிங் என்பர். காங்கிரீட் பற்றிய இந்தியத் தரவிதி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள்களும், கலப்புச் சிமெண்டுக்கோ வெப்பம் மிகுந்து காற்று வறண்ட காலத்துக்கோ குறைந்தது 10 நாள்களும் விதிக்கிறது. நம் ஊர்களில் தளத்தின் மேல் சிமெண்ட் கலவையால் வரப்புக் கட்டிப் பாத்தி பாத்தியாக நீர் நிறுத்துவதே வழக்கம். கடைசிப் பாத்தி பொதுச்சுவரைத் தொட்டு நின்றால், அத்தனை நாளும் சுவர் அந்த நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அடுத்த வீட்டுக் கூடத்தில் சுவரின் மேற்பகுதியில் தேநீர் நிறத்தில் படரும் கறை பெரும்பாலும் இதிலிருந்து வருவதே. சுவரிலிருந்து ஓரடி விட்டு வரப்பைக் கட்டி, இடைப்பட்ட பட்டையை ஈரச் சாக்கால் மூடி வைத்தால் தளமும் வலுப்பெறும், சுவரும் நனையாது.

மற்றது வெப்பத்தால் வரும் விரிவு. பத்து மீட்டர் நீளமுள்ள காங்கிரீட் தளம், விடியற்காலைக்கும் கத்திரி வெயிலின் நண்பகலுக்கும் இடையே 30 பாகை வெப்பம் ஏறும்போது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீள்கிறது, மாலையில் சுருங்குகிறது. தளத்தின் விளிம்பைப் பொதுச்சுவருக்குள் காடி வெட்டிப் புதைத்துவிட்டால், அந்த நீட்சி நாள்தோறும் சுவரின் தலையைத் தள்ளித் தள்ளி இழுக்கும். ஓராண்டுக்குள் கூரைக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஒரு விரிசல் அடுத்த வீட்டுப் பக்கம் தோன்றும். இந்த விரிசலைப் பூசப் பூச மீண்டும் வருவதற்குக் காரணம், அது பூச்சின் குறையாக இல்லாமல் தளத்தின் மூச்சாக இருப்பதுதான். தளத்துக்கும் சுவருக்கும் இடையே முக்கால் அங்குலம் இடைவெளி விட்டு, அதில் தெர்மோகோல் போன்ற நெகிழும் பொருளை வைப்பதே இதற்குரிய வழி.

இடைவெளி விட்டால் அதன் வழியே மழை இறங்காதா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, இடைவெளியை மேலிருந்து மூடும் மறைப்பாகும். பொதுச்சுவரின் மேற்பகுதியில், புதிய தளத்துக்கு அரையடிக்குக் குறையாத உயரத்தில், சுவரில் ஓர் ஆழமற்ற காடி எடுத்து, துருப்பிடிக்காத தகட்டின் மேல் விளிம்பை அதனுள் செருகிச் சாந்தால் அடைத்து, கீழ் விளிம்பு இடைவெளியைத் தாண்டித் தளத்தின் மேல் தொங்குமாறு மடித்துவிட்டால், சுவரில் வழியும் நீர் தகட்டின் மேல் ஓடித் தளத்தில் விழும். தளம் நீண்டு சுருங்கினாலும் தகடு அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். இத்தகட்டின் கீழ் விளிம்பையும் சேர்த்துச் சிமெண்டால் பூசிவிடுவது கொத்தனார்களின் வழக்கம். பார்வைக்கு அது கச்சிதமாகத் தோன்றினாலும், அசைய வேண்டியதை அசையவிடாமல் கட்டிப்போடுவதால் முதற்கோடையிலேயே வெடித்து நீருக்கு வழிவிடும். தளத்தின் வாட்டம், அதாவது நீர் ஓடுவதற்கான சரிவு, பொதுச்சுவரை விட்டு விலகித் தெருப்பக்கமாகவோ கொல்லைப்பக்கமாகவோ அமைய வேண்டும் என்பதும், தூம்புவாய் எதுவும் அடுத்த வீட்டுக் கூரையின் மேல் கொட்டக் கூடாது என்பதும், சென்ட்ரிங் பலகை அடிக்கும் முன்னரே பேசி முடிக்க வேண்டியவை. காங்கிரீட் இறுகிய பின் வாட்டத்தை மாற்றுவது எளிதன்று.

இன்னொன்றும் உண்டு. அண்டை வீட்டார் பழைய உயரமான ஓட்டுக் கூரையை நீக்கித் தாழ்வான தட்டைத் தளம் போடும்போது, முன்பு அவர்கள் கூரைக்குள் மறைந்திருந்த சுவரின் மேற்பகுதி முதன்முறையாக மழைக்கும் வெயிலுக்கும் வெளிப்படுகிறது. அப்பகுதி எக்காலத்திலும் பூசப்பட்டிராது. செங்கல்லின் இணைப்புகள் திறந்தே கிடக்கும். அதனைப் பூசித் தருவது கூரையை மாற்றியவரின் கடமை என்று முன்பே எழுதிக்கொள்வதோடு, எதனால் பூசுவது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளியிடும் இயல்புடையது. அதன் மேல் அழுத்தமான சிமெண்ட் பூச்சைப் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி மறுபக்கத்தில், அதாவது குடியிருக்கும் அறையின் உட்பக்கத்தில், உப்புப் பூத்துக் காரையாக உதிரும். சுண்ணாம்புக் கலவை அறிந்த கொத்தனார் கிடைப்பது அரிதாகிவருவது உண்மைதான். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கச் செலவிடும் ஒரு வாரம், பின்னர் ஆண்டுதோறும் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கும் அலுப்பை மிச்சப்படுத்தும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்ப்பதற்கில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீடு தீ, புயல், வெள்ளம் முதலியவற்றுக்கு ஈடு தருகிறதாயினும், நிலம் அமிழ்வதற்கான அதன் பாதுகாப்பு, கட்டுமானத்தாலோ இடிப்பாலோ தோண்டுதலாலோ விளைந்த அமிழ்வைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஒப்பந்தக்காரர் எடுக்கக்கூடிய காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் என்னும் காப்பீட்டில் பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கான பிரிவு உண்டு. பெரிய வேலையாயின் அதனை எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. சிறு வேலைகளில் மேஸ்திரிகள் அதனை எடுப்பது அரிது என்பதால், அண்டை வீட்டாரின் எழுத்து மூலமான பொறுப்பேற்பே நடைமுறையில் கைகொடுக்கும்.

வேலை முடிந்தது என்று கொத்தனார் சொல்லும் நாளுக்கும், வேலை சரியாக முடிந்தது என்று தெரியும் நாளுக்கும் இடையே ஒரு மழைக்காலம் இருக்கிறது. ஆகவே கூலியில் ஒரு பகுதியை ஐப்பசி, கார்த்திகை மழை கழியும் வரை நிறுத்தி வைக்க அண்டை வீட்டாரும் மேஸ்திரியும் முன்பே இசைந்துகொள்வது நல்லது. தளம் போட்ட சில நாள்களுக்குள் ஒரு முறை, தகட்டுக்கு மேலுள்ள சுவரின் மீது அரை மணி நேரம் குழாய் நீரை விட்டு, மறுபக்க அறையில் கையை வைத்துப் பார்க்கலாம். முதற்கனமழைக்குப் பின் உத்திர முனைகள் சுவருக்குள் புகும் இடங்களில் விளக்கைப் பிடித்து ஈரமும் புதிய கறையும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஏனெனில் மரத்தின் அந்த முனையில் தங்கும் ஈரம் வெளியே தெரியாமல் உளுக்கச் செய்யும். பென்சில் கோடுகளையும் பிளாஸ்டர் பட்டைகளையும் அடுத்த சித்திரை வரை அழிக்காமல் விட்டுவைத்து, மாதம் ஒரு முறை பார்த்துத் தேதியோடு படமெடுத்து வைத்தால், குளிர்ந்த மாதங்களின் சுருக்கமும் கோடையின் விரிவும் ஒரு சுற்று முடிந்திருக்கும். அதன் பின்னரே முட்டுகளுக்காகத் தரையில் உண்டான வடுக்களைச் சரிசெய்து, பொதுச்சுவருக்கு வெள்ளையடிக்கத் தொடங்கலாம்.